அலைக் கரண்ட் விற்கப் போன அக்கா

அந்தத் தெருவில் அவளுக்குக் 'கரண்ட் அக்கா' என்று பெயர். மின்சாரம் போனால் முதலில் அவள் வீட்டு வாசலில்தான் வந்து நிற்பார்கள். "என்ன அக்கா, எப்ப வரும்?" என்று கேட்பார்கள். தனக்கும் மின்சாரக் கம்பெனிக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்று அவளும் வருஷக்கணக்காகச் சொல்லிப் பார்த்துவிட்டாள். ஒருத்தர் காதிலும் ஏறவில்லை. ஒரு காலத்தில் கடல் அலையில் கரண்ட் எடுத்து விற்கப் போனவள் அவள். விற்கப் போனவள் என்றுதான் சொல்கிறேன், விற்றவள் என்று சொல்லவில்லை.

அதற்கு முன்னால் அவள் ஃபிரிட்ஜ் கடையில் இருந்தாள். மேஜை விசிறி வாங்க வந்த மனிதர் ஃபிரிட்ஜோடு திரும்பிப் போவார். வீட்டுக்குப் போய் மனைவியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு, மறுநாள் அதற்கு ஒரு ஸ்டெபிலைசரும் வாங்க வருவார். அப்படி ஒரு வாய் அவளுக்கு. அவள் அண்ணனுக்கோ வாயே கிடையாது. கப்பல் பழுதுபார்க்கும் பட்டறையில் பொறியாளர். வணக்கம் சொன்னால் தலையை ஆட்டுவார், அவ்வளவுதான். வீட்டுக்கு இரண்டு வாய் என்று கடவுள் அனுப்பியதை இவள் ஒருத்தியே வழியில் வாங்கிக்கொண்டுவிட்டாள் என்று அண்ணி சொல்வாள்.

ஒரு மத்தியானம் அந்த அண்ணன் கடைக்கு வந்து, ஃபிரிட்ஜ்களுக்கு நடுவில் நின்றுகொண்டு, "பெட்டி மிதக்குது. நீ வந்து வித்துக் குடு" என்றார். அவர் வாழ்நாளில் அவளிடம் கேட்ட முதல் உதவி அது. அவள் அன்றைக்கே வேலையை விட்டுவிட்டாள்.

பெட்டி என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன். அடிப்பக்கம் திறந்த பெரிய இரும்புப் பெட்டி, பாதி தண்ணீருக்குள் மூழ்கி மிதக்கும். அலை உள்ளே ஏறும்போது மேலே இருக்கிற காற்று நெருக்குப்பட்டு உச்சியில் உள்ள குழாய் வழியாக வெளியே பாயும். அலை இறங்கும்போது அதே குழாய் வழியாக வெளிக்காற்று உள்ளே வரும். குழாய்க்குள் ஒரு விசிறி. காற்று போனாலும் வந்தாலும் அது ஒரே பக்கமாகத்தான் சுற்றும். விசிறி சுற்றினால் கரண்ட். துறைமுகத்தின் அலைத்தடுப்புச் சுவர் முடிகிற இடத்தில் ஒரு சின்ன அறை. அறைக்கு எதிரே, கூப்பிடு தூரத்தில், சங்கிலிகளில் கட்டிப் போட்ட அந்தப் பெட்டி 'ஹூம்... ஹா...' என்று மூச்சு விட்டுக்கொண்டு கிடக்கும். "உங்கண்ணன் குறட்டையை அப்படியே இரும்புல செஞ்சு வச்சிருக்காரு" என்பாள் அண்ணி.

கம்பெனி அண்ணன் தங்கை இரண்டு பேர் பெயரிலும் இருந்தது. இரண்டு கையெழுத்தும் இல்லாமல் அங்கே ஒரு துரும்பு நகராது.

அவள் ஒரு வாளித் தண்ணீரும், அடி அறுத்த பிளாஸ்டிக் பாட்டிலும், ஒரு காகிதத் துண்டுமாகப் புறப்பட்டாள். எந்த அலுவலகத்துக்குப் போனாலும் முதல் வேலை, வாளியில் தண்ணீர் பிடித்து வரச் சொல்வது. பாட்டிலை நட்டுக்குத்தலாகத் தண்ணீருக்குள் அழுத்துவாள். பாட்டிலின் வாயில் காகிதம் படபடக்கும். மேலே இழுப்பாள், காகிதம் உள்ளே ஒட்டிக்கொள்ளும். "இவ்வளவுதாங்க. வாளிக்குப் பதிலா கடல். கடல் இலவசம்." பெரிய பெரிய ஆசாமிகள் எல்லாம் கோட்டுக் கையை மடக்கிவிட்டுக்கொண்டு தாங்களும் ஒரு தடவை அழுத்திப் பார்ப்பார்கள். தரையெல்லாம் தண்ணீர் ஆகும். துடைக்கிற அம்மாள் அவளைப் பார்த்தாலே முறைப்பாள்.

கேள்விகளுக்கும் பஞ்சம் இல்லை. "கடல் சும்மாதானே கிடக்கு, கரண்டுக்கு மட்டும் ஏம்மா காசு?" என்று ஒருவர் கேட்டார். "மீன்கூடக் கடல்ல சும்மாதான் கிடக்கு, உங்களுக்கு யாராவது சும்மா குடுக்கறாங்களா சார்?" என்றாள். தெருமுனை சலவைக்கடைக்காரருக்கு வேறு கவலை. "அக்கா, உங்க கரண்ட்ல அயர்ன் பண்ணா சட்டையில மீன் வாடை அடிக்காதே?" "அடிச்சா உங்களுக்குத்தான் லாபம். மறுபடி துவைக்க உங்ககிட்டயேதானே வருவாங்க." சூரிய ஒளித் தகடு விற்கிறவர்களை அவளுக்குக் கண்ணிலேயே காட்டக் கூடாது. "சூரியன் சாயந்திரமானா வீட்டுக்குப் போயிடும். கடலுக்கு லீவே கிடையாது" என்பாள். நல்ல வசனம்தான், கேட்கிறவர்களும் சிரிப்பார்கள். சிரித்துவிட்டு யூனிட் என்ன விலை என்பார்கள். அங்கேதான் அவள் பேச்சை வேறு பக்கம் திருப்புவாள்.

விலை அதிகம். மறைத்து என்ன ஆகப்போகிறது? நிலக்கரிக் கரண்டோடு பக்கத்தில் வைத்துப் பார்க்க முடியாது. சூரிய ஒளிக்காரர்கள் வருஷா வருஷம் விலையை இறக்கிக்கொண்டே வந்தார்கள். இவர்களுக்கோ, உப்பு ஒரு பக்கம் போல்ட்டைத் தின்னும், சிப்பி ஒரு பக்கம் சங்கிலியில் குடித்தனம் நடத்தும், கடலடியில் போட்ட கேபிளை எவன் நங்கூரமாவது இழுத்துக்கொண்டு போகும். ஒரு பெட்டிக்கு ஆகிற செலவை ஒரு பெட்டியே தாங்காது. பத்துப் பெட்டி போட்டால் ஒருவேளை தாங்கும். பத்துப் பெட்டிக்கு மின்சாரக் கம்பெனி ஆர்டர் தர வேண்டும். தராவிட்டால் இருக்கிற ஒன்றையும் கரைக்கு இழுத்துவந்து உடைத்துவிட வேண்டியதுதான். அதற்குத் துறைமுகத்துக்காரர்கள் கெடுவும் சொல்லிவிட்டார்கள்.

இந்தத் தொழிலுக்கென்றே இன்னொரு சாபம் இருந்தது. பெட்டியைப் பார்க்க வருகிறவர்கள் வெயில் அடிக்கிற நாளில்தான் வருவார்கள். கடல் கொந்தளிக்கிற நாளில் தடுப்புச் சுவர்மேல் அலை ஏறும் என்று துறைமுகக் காவலர் கேட்டைப் பூட்டிவிடுவார். ஆகவே கரண்ட் கொட்டுகிற நாளில் பார்க்க ஆள் இருக்காது. ஆள் வருகிற நாளில் கரண்ட் இருக்காது. அறைச் சுவரில் ஒரு பலகையில் வரிசையாகப் பல்பு மாட்டி வைத்திருந்தார்கள். வந்தவர்கள் முன்னால் அதில் ஒன்றோ இரண்டோ தூங்கி வழியும். "இன்னைக்குக் கடலுக்கு உடம்பு சரியில்ல சார்" என்று அவள் சமாளிப்பாள்.

அதனால் அந்த வீட்டில் பேச்சே தலைகீழாகிவிட்டது. காலையில் எழுந்ததும், பெட்டிக்கு ஆள் ஏற்றிப் போகும் படகுக்காரருக்குப் போன் போடுவாள்.

"கடல் எப்படி இருக்குண்ணே?"

"அருமையா இருக்கும்மா. கண்ணாடி மாதிரி."

"ஐயோ, கண்ணாடி மாதிரியா!"

பளிச்சென்று வெயில் அடித்தால் அண்ணனும் தங்கையும் துக்க வீட்டுக்காரர்கள் மாதிரி உட்கார்ந்திருப்பார்கள். காற்று ஊளையிட்டு ஜன்னல் அடித்துக்கொண்டால் இரண்டு பேர் முகத்திலும் களை வரும். "துணி காயவே காயாத குடும்பத்துல வந்து மாட்டினேனே" என்று அண்ணி தலையில் அடித்துக்கொள்வாள். அக்காவை இன்றைக்குக் கேட்டாலும் சொல்வாள், அவள் வாழ்க்கையிலேயே நல்ல காலம் அதுதான் என்று. ஈரச் சுவர், கிரீஸ் வாடை, பிளாஸ்கில் ஆறிப்போன டீ, வெளியே பெட்டி விடுகிற மூச்சு. சம்பளம் ஒழுங்காக வந்ததில்லை. ஆனாலும் காலையில் அந்தச் சுவர்மேல் நடந்து வேலைக்குப் போகும்போது அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது.

மின்சாரக் கம்பெனியின் கொள்முதல் அதிகாரி பருமனான, பொறுமையான மனிதர். வெயில் நாளாகப் பார்த்தே வந்து, தூங்குகிற பல்புகளைப் பார்த்துவிட்டு, "நல்லா இருக்கும்மா" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். இன்னொரு முறை அப்படி வந்தால் கதை முடிந்தது என்று அவளுக்குத் தெரியும்.

"கடல் நல்லா வெறி பிடிச்ச நாளாப் பாத்து அவரைக் கூட்டிட்டு வரேன்" என்றாள்.

"ரொம்ப வேணாம். நடுத்தரமா ஒரு நாள் பாரு" என்றார் அண்ணன்.

"நடுத்தரத்தைக் காட்டி உலகத்துல யாருண்ணா எதை வித்திருக்காங்க?"

அண்ணன் தலையை ஆட்டினார். சரி என்கிறாரா வேண்டாம் என்கிறாரா என்று அந்தத் தலையாட்டலில் கண்டுபிடிக்க அண்ணியால் மட்டும்தான் முடியும். அண்ணி அப்போது அங்கே இல்லை.

அப்படி ஒரு நாளும் வந்தது. கேட் காவலரிடம் அவள் கெஞ்சிய கெஞ்சலில், அந்த மனிதர் "நான் பாக்கல, நீங்க போகல" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு பூட்டைத் திறந்தார். அதிகாரியின் கையைப் பிடித்து அந்தச் சுவர்மேல் அழைத்துப் போனாள். பாதி வழியில் ஒரு அலை இரண்டு பேரையும் தலையோடு குளிப்பாட்டியது. "இதெல்லாம் என் வேலையில சேர்த்தியே இல்லம்மா!" என்று அவர் கத்தினார். அறைக்குள் வந்து மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டியவர் அப்படியே நின்றுவிட்டார். பலகையில் இருந்த அத்தனை பல்பும் எரிந்துகொண்டிருந்தன. எரிந்தன என்றால் போதாது, கண்ணை உறுத்தின. வெளியே பெட்டி முக்கி முனகி ஓலமிட்டது.

"இதைத்தான்மா இத்தனை நாளா சொல்லிட்டிருந்தீங்களா?"

"இதைத்தான் சார். நீங்கதான் குடை பிடிச்சுட்டு வெயில்லயே வந்திட்டிருந்தீங்க."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். பாதிக் கிணறு தாண்டியாயிற்று என்று அவள் நினைத்தாள். அந்த நேரம் பார்த்துப் பல்புகள் எல்லாம் ஒன்றாக அணைந்தன.

அலை எல்லை மீறினால் விசிறியைக் காப்பாற்றக் குழாயில் ஒரு இரும்புக் கதவு தானாக மூடிக்கொள்ளும். அலை தணிந்தால் தானாகத் திறந்துகொள்ள வேண்டும். உப்பும் துருவும் சேர்ந்து அன்றைக்கு அது சிக்கிக்கொண்டது. அறை மூலையில் இருந்த அண்ணன் சுத்தியலை இடுப்பில் செருகிக்கொண்டு வெளியே போனார். சுவரின் மறைவில் படகுக்காரர் வேண்டாம் வேண்டாம் என்று இரண்டு கையையும் ஆட்டுவது ஜன்னல் வழியாகத் தெரிந்தது. அண்ணன் அதற்குள் படகில் ஏறிவிட்டார்.

பெட்டியின் பக்கத்தில் படகு மேலே போகும், கீழே போகும். மேலே போன ஒரு நொடியில் அண்ணன் தாவினார். ஏணியின் கம்பியைப் பிடித்துவிட்டார். ஏறும்போது கால் வழுக்கியது. இரண்டு கையிலும் தொங்கினார். அப்போது ஒரு பெரிய அலை வந்து ஏணியையும் அவரையும் சேர்த்து மூடியது. ஜன்னலில் வெறும் வெள்ளை நுரைதான். அவளுக்கு அண்ணியின் முகம்தான் ஞாபகத்துக்கு வந்தது. என்ன சொல்வேன், அவள் முன்னால் எப்படிப் போய் நிற்பேன்? நுரை இறங்கியபோது அவர் ஏணியில்தான் இருந்தார். ஒரு கையாலேயே மெதுவாக ஏறி, கதவை அடித்துத் திறந்துவிட்டார். அறைக்குள் பல்புகள் மறுபடி எரிந்தன.

அதிகாரி கை தட்டினார். நிஜமாகவே கை தட்டினார். அண்ணன் திரும்பி வந்து வாசலில் தண்ணீர் சொட்டச் சொட்ட நின்றபோது அவரைத் தோளில் தட்டி, "மனுஷன்யா நீங்க!" என்றார். பிறகு அவளைப் பார்த்துச் சொன்னார்:

"நீங்க கேட்ட விலை வராது. கொஞ்சம் குறைச்சுத்தான் வரும். ஆனா பத்துப் பெட்டிக்கு ஆர்டர் தரேன். ஒரே ஒரு நிபந்தனை. பராமரிப்புக்கு இவர் பேரைப் போடணும். பத்து வருஷம் இவரே பொறுப்பு."

"ஆள் வச்சுப் பழக்கறோம் சார். நாலு பேரை—"

"நாலு பேருக்குச் சம்பளம், அவங்களுக்கு இன்சூரன்ஸ், இந்தக் கடல்ல போற மாதிரி ஒரு பெரிய படகு. அதெல்லாம் சேத்தா யூனிட் விலை எங்க போய் நிக்கும்னு உங்களுக்கே தெரியும்மா. இவர் இருந்தாத்தான் இது கட்டுப்படியாகும்."

"போடுங்க சார் என் பேரை" என்றார் அண்ணன். வேற்று மனிதர் ஒருவரிடம் அவர் தானாகப் பேசி அவள் கேட்டதே இல்லை. முகமெல்லாம் சிரிப்பு. அவர் கனவு கண்டது அத்தனையும் அந்த ஈர அறையில் வந்து நின்றது. அவள் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

அவளும் அதற்காகத்தானே ஃபிரிட்ஜ் கடையை விட்டுவிட்டு வந்தாள்? அதற்காகத்தானே ஊரெல்லாம் வாளியைத் தூக்கிக்கொண்டு அலைந்தாள்? வாயைத் திறந்து சரி என்று சொன்னால் போதும். அவள் அண்ணனைப் பார்த்தாள். சிரித்துக்கொண்டிருந்தாலும் உடம்பு நடுங்கிக்கொண்டிருந்தது. பத்துப் பெட்டி. ஒவ்வொன்றுக்கும் ஒரு கதவு. கதவு சிக்குவதும் இப்படிப்பட்ட நாளில்தான் சிக்கும்.

"நான் கையெழுத்துப் போட மாட்டேன் சார்" என்றாள்.

அறையில் இரண்டு பேரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"கடல் இலவசம், கடல் இலவசம்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருந்தேன். அது பொய் சார். இதுல இலவசமா இருந்தது எங்கண்ணன் மட்டும்தான்."

"அவசரப்படாதீங்கம்மா. யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிச்சா போட்டுடுவேன் சார். அதான் இப்பவே சொல்லிடறேன்."

அண்ணன் சுத்தியலை மேஜைமேல் வைத்துவிட்டு வெளியே போனார். அலை அடிக்கிற அந்தச் சுவர்மேல் தனியாகவே நடந்து போனார். அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை.

அதற்கப்புறம் என்ன, கெடு முடிந்தது. இழுவைப் படகு ஒன்று பெட்டியைக் கரைக்கு இழுத்துவந்தது. கேஸ் கட்டர் வைத்து வெட்டினார்கள். வெட்டி முடிக்கும்வரை அக்கா பக்கத்திலேயே நின்று அழுதாள். யார் பார்த்தால் என்ன என்று தேம்பித் தேம்பி அழுதாள். அண்ணன் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. அவளோடு பேச்சும் இல்லை. ஒரே அறையில் இருந்தாலும், "அவளை டீ குடிக்கச் சொல்லு" என்று அண்ணி மூலமாகத்தான் வரும்.

அண்ணி ஒருநாள் பாத்திரம் துலக்கிக்கொண்டே சொன்னாள்: "நீ கையெழுத்துப் போட்டிருந்தா நான் உன்கூடப் பேசியிருக்க மாட்டேன். போடலன்னு அவர் பேச மாட்டேங்கறார். எப்படிப் பாத்தாலும் எங்கள்ல ஒருத்தர்தான் உனக்கு."

"அப்ப நான் நல்ல ஆளாத்தான் பாத்து எடுத்திருக்கேன்" என்றாள் அக்கா. சொல்லிவிட்டுக் குழாயைத் திறந்து முகத்தைக் கழுவிக்கொண்டாள்.

அண்ணன் ஒரு லிஃப்ட் கம்பெனியில் சேர்ந்தார். மேலே போவதும் கீழே வருவதும்தான் அவர் தலையெழுத்து போலிருக்கிறது. அக்கா எங்கே சேர்ந்தாள் தெரியுமா? சொன்னால் நம்ப மாட்டீர்கள். சூரிய ஒளித் தகடு விற்கிற கம்பெனியில். வயிறு என்று ஒன்று இருக்கிறதே! அந்தச் செய்தி அண்ணன் காதுக்குப் போனது. அன்று சாயங்காலமே அவள் வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்று, "துரோகி!" என்றார். அவ்வளவு காலத்துக்குப் பிறகு அவர் அவளோடு பேசிய முதல் வார்த்தை அதுதான். அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "உள்ள வாண்ணா, வந்து உக்காந்து திட்டு" என்றாள். அவரும் உட்கார்ந்து திட்டினார்.

அன்றிலிருந்து திட்டு நின்றதே இல்லை. பேசாத மனிதருக்குப் பேச ஒரு விஷயம் கிடைத்துவிட்டது. வேறு எங்கோ யாரோ அலையில் கரண்ட் எடுக்கிறார்கள் என்று பேப்பரில் ஒரு வரி வந்தால் போதும், அவளுக்குப் போன் வரும். "பாத்தியா? பத்துப் பெட்டி போட்டிருந்தா இன்னைக்கு நாமதான்." அவளும் எதிர்த்துப் பேச மாட்டாள். காற்று பலமாக அடிக்கிற நாளில் அவளுக்கே, அவசரப்பட்டுவிட்டேனோ, பயந்தாங்கொள்ளித்தனமாக அண்ணன் பிழைப்பைக் கெடுத்துவிட்டேனோ என்று மனசு அரிக்கும். ஏணியில் தொங்கினார், பிடியை விடவில்லை, திறந்துவிட்டுத் திரும்பியும் வந்தார். வேண்டாம் என்று சொல்ல நான் யார்? இந்தக் கேள்வி தலை நரைக்கிறவரைக்கும் அவளை விடவில்லை.

போன மாதம் அண்ணனுக்கு இடது கை தோளுக்குமேல் தூக்க வரவில்லை. அண்ணிக்கு முழங்கால் வலி, அதனால் அக்காதான் எலும்பு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள். டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இது பழைய அடி ஆச்சே. எப்ப பட்டது?"

"ரொம்ப வருஷம் ஆச்சு டாக்டர்" என்றார் அண்ணன். "கடல்ல ஒரு தடவை கை விட்டுப்போச்சு. தண்ணிக்குள்ள போயிட்டேன். அடுத்த அலை தூக்கிட்டு வந்து இரும்பு ஏணியில அடிச்சுது."

டாக்டர் எழுதிக்கொண்டே போனார். அக்காவுக்கு அதற்கப்புறம் அவர் சொன்னது எதுவும் காதில் விழவில்லை. வெளியே வந்து, ஊசி போடக் கூப்பிடும்வரை காத்திருக்கச் சொன்ன பெஞ்சில் உட்கார்ந்ததும் கேட்டாள்:

"கை விட்டுப்போச்சா?"

அண்ணன் சுவரைப் பார்த்தார்.

"தொங்கிட்டுத்தானே இருந்தே? நுரை இறங்கினப்ப ஏணியிலதானே இருந்தே? நான் பாத்தேனே!"

"நீ பாத்தது, அலை என்னைத் திருப்பிக் கொண்டுவந்து ஏணியில போட்டதுக்கப்புறம்."

அவளுக்குப் பேச்சு வரவில்லை. அவளுக்கே பேச்சு வரவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு, "அப்படியும் 'போடுங்க என் பேரை'ன்னு சொன்னே" என்றாள்.

"ஆமா. மறுபடியும் போயிருப்பேன். வேணாம்னு சொல்ல எனக்கு எங்க வாய் இருக்கு?"

"பாவி, இதை ஏன் இத்தனை வருஷமா சொல்லல? என்னை எப்படியெல்லாம் அரிச்சுது தெரியுமா?"

அண்ணன் வலிக்கிற தோளைத் தடவிக்கொண்டார். "சொன்னா நீ பண்ணது சரின்னு ஆயிடும்ல. அப்புறம் நான் யாரைத் திட்டறது? கடலையா?"

அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அவள் அண்ணனின் நல்ல கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். நர்ஸ் வந்து கூப்பிடும்வரை விடவில்லை.